பந்தை எறிந்தவர்

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம்மவர் பழமொழி. பழி சுமத்தும்போது எய்தவனைத் தேடிச்செல்லும் உலகம், புகழ் வழங்கும்போது அவனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றது. இம்மறதிக்கு ஆளான ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தேன்.

விளையாட்டு எனக்குரிய துறையன்று. முப்பது ஆண்டுகளாக இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துவரும் நான், அமெரிக்க உதைபந்தாட்டப் பயிற்றுநர் ஒருவரைப் பற்றி எழுதுவது வாசகர்க்கு வியப்பளித்தல் கூடும். காரணம் இதுதான். என்னிடம் பண்டிதர் வகுப்பிற் கற்ற மாணவர் ஒருவர், அமெரிக்காவிற் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுத் திரும்பியவர், ஒருநாள் மாலை என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நூட் றொக்னி என்னும் பயிற்றுநரின் புகழை நெடுநேரம் எடுத்துரைத்தார். 1913ஆம் ஆண்டில் நடந்த ஓர் ஆட்டத்தில் எங்கோ தொலைவிலிருந்து எறியப்பட்ட பந்தை அவர் ஓடிச்சென்று பிடித்த கதையைச் சொன்னார். கதை முடிந்ததும், அந்தப் பந்தை எறிந்தவர் யார் என்று வினவினேன். மாணவர் சிறிது யோசித்தார். பின்னர் தமக்குத் தெரியாதென்று நகைத்தார். எனக்கு நகை வரவில்லை. எறிவோன் இன்றிப் பிடிப்போன் உண்டோ? அன்றுமுதல் அவ்வினா என்னை விட்டபாடில்லை. தேடிப் படித்தேன். கிடைத்த பெயர் கஸ் டொறே.

ஆட்டமும் அதன் கொடுமையும்

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என வழங்குவது நம் மைதானங்களிற் காணும் உதைபந்தாட்டம் அன்று. நம் மாணவர் சிலர் ஆடும் றக்பி ஆட்டத்துக்கே அது உறவினது. இருமுனையும் கூரிய பந்தைக் கையிலேந்தி எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து செல்வதே நோக்கம். பக்கத்துக்குப் பதினொருவர் நின்று ஆடுவர். அவர்களுள் குவாட்டர்பக் எனப்படுபவன் அணியின் சூத்திரதாரி. அடுத்து நிகழவேண்டியது யாதென்பதை மற்றையோர்க்கு உணர்த்தி, பந்தை வாங்கி, அதை ஒருவன் கையிற் கொடுப்பதோ தூர எறிவதோ அவன் பொறுப்பு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வாட்டத்திற் பந்தை முன்னோக்கி எறிதல் விலக்கப்பட்டிருந்தது. ஆகலின் இரு கூட்டத்தார் ஆட்டுக்கடாக்கள்போல் ஒருவரோடொருவர் மோதி, கூட்டமாய் நெருக்கி, அங்குலம் அங்குலமாகவே முன்னேறினர். 1905ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறத்தாழ 18 பேர் இவ்வாட்டத்தில் உயிரிழந்தனர் எனப் பத்திரிகைகள் கணக்கிட்டன. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் குடியரசுத் தலைவர் தியோடர் றூஸ்வெல்ற், ஹாவாட், யேல், பிறின்ஸ்ரன் ஆகிய பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைத் திருத்துமாறு வற்புறுத்தினார். அடுத்த ஆண்டிலே விதிகள் மாற்றப்பட்டன. முன்னோக்கி எறிதல் அனுமதிக்கப்பட்டது.

ஆயினும் அனுமதித்தவர் ஐயத்தோடே அனுமதித்தனர். எறிந்த பந்து எவர் கையும் படாது நிலத்தில் வீழ்ந்தாற் பந்தையே எதிரணியிடம் இழக்க நேர்ந்தது. எறியும் தூரத்துக்கும் பின்னர் வரம்பு விதித்தனர். இத்துணை இடர் இருக்கையில் யார் துணிந்து எறிவார்? சென் லூயிஸ் பல்கலைக்கழகத்துப் பயிற்றுநர் எடி கொக்கெம்ஸ் துணிந்தார். அவர் அணியைச் சேர்ந்த பிராட்பரி றொபின்சன் என்பவரே 1906 செப்டெம்பரில் விதிக்கமைய முதன்முதல் முன்னோக்கிப் பந்தெறிந்தவர் என்பர். கிழக்குக் கரையிலிருந்த பெருங் கல்லூரிகளோ அதை ஒரு வித்தையாகவே கருதி ஒதுக்கின. 1912இல் தூர வரம்பு நீக்கப்பட்டது. பந்தும் சற்று மெலிந்தது. கதவு முழுதும் திறந்தாயிற்று. உட்புகுவோரைத்தான் காணவில்லை.

சிறிய உருவமும் பெரிய கையும்

சார்ள்ஸ் எமில் டொறே 1891ஆம் ஆண்டு யூலை மாதம் 2ஆம் நாள் விஸ்கொன்சின் மாநிலத்துச் சிப்பெவா போல்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். 1910இல் இண்டியானா மாநிலத்திலுள்ள நொட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் ஆடத் தொடங்கினார். குஸ்தாவ் டொறே என்னும் பிரெஞ்சு ஓவியரின் பெயரோடு இவர் குடும்பப்பெயர் ஒலியில் ஒத்தமையால், உடன்கற்றோர் இவரைக் கஸ் என்று அழைத்தனர். அப்பெயரே நிலைத்தது.

உயரம் 5 அடி 7 அங்குலம். நிறை 145 இறாத்தல். முட்டி மோதுதலே ஆட்டமாயிருந்த அக்காலத்தில் இவ்வுருவம் குறையென்றே எண்ணப்பட்டிருக்கும். எனினும் 1910 முதல் 1913 வரை நான்கு ஆண்டுகளும் அணியின் குவாட்டர்பக் இடம் இவருக்கே உரியதாயிற்று. அந்நான்காண்டுகளில் நொட்டர் டேம் 24 ஆட்டங்களில் வென்றது. மூன்று சமநிலையில் முடிந்தன. தோற்றது ஒன்றே ஒன்று.

இவரோடு ஓரறையில் வாழ்ந்தவரே நூட் றொக்னி. நோர்வே நாட்டில் 1888இற் பிறந்து, சிறுவயதிற் சிக்காகோ நகருக்குக் குடிபெயர்ந்து, தபாற் கந்தோரில் வேலைசெய்து பணம் சேர்த்து, இருபத்திரண்டாம் வயதிலேதான் பல்கலைக்கழகம் புகுந்தவர். ஒருவர் எறிபவர், மற்றவர் பிடிப்பவர். இந்நட்பே பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் வித்தாயிற்று.

ஏரிக்கரையில் ஒரு கோடை

1913ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் இருவரும் ஒஹையோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையிலுள்ள சீடர் பொயின்ற் என்னும் உல்லாசத் தலத்தில் வேலைக்கமர்ந்தனர். ஓய்வு கிடைத்த வேளைகளிற் கையோடு கொண்டுசென்ற பந்தை எடுத்துக்கொண்டு மணற்கரைக்குச் சென்றனர். டொறே எறிவார், றொக்னி ஓடுவார். மணலில் ஓடிப் பழகிய கால்களுக்குப் புற்றரை பின்னர் இலேசாயிற்று.

அவர்கள் பழகியது வெறும் வலிமையன்று, நுட்பம். அந்நாளிற் பந்தை ஏற்பவன் ஓரிடத்தில் நின்று, வயிற்றோடும் மார்போடும் அணைத்தே ஏற்பது வழக்கம். பழக்கூடையைப் பொத்திப் பிடிப்பது போன்றது அது. றொக்னி ஓடிக்கொண்டே, விரல்கள் தளர, கைகளாலேயே ஏற்கக் கற்றார். எறிபவர் கற்கவேண்டியதோ அதனினும் அரிது. பந்து தன் அச்சிற் சுழன்று செல்லுமாறு விடவேண்டும். ஏற்பவன் இப்போது நிற்கும் இடத்துக்கன்று, இனி வந்து சேரப்போகும் இடத்துக்கு எறியவேண்டும். கல்வி புகட்டும் தொழிலிலும் இஃதொத்த நுட்பம் ஒன்று உண்டு. மாணவன் இன்று நிற்கும் இடத்தை மாத்திரம் நோக்கிச் சொல்லப்படும் பாடம் அவன் பின்னே விழுந்துவிடும். அவன் நாளை வந்தடையும் இடம் அறிந்து சொல்வதே பாடம்.

வெஸ்ற் பொயின்ற் மைதானம்

அவ்வாண்டு நவம்பர் மாதம் 1ஆம் நாள். நியூயோர்க் மாநிலத்து வெஸ்ற் பொயின்ற்றில், அமெரிக்க இராணுவக் கல்லூரியோடு நொட்டர் டேம் ஆடியது. செலவுக்கென இராணுவக் கல்லூரி 1,000 டொலர் வழங்க இணங்கியிருந்தது. மேற்கிலிருந்து புகைவண்டியில் வந்திறங்கிய அக்கத்தோலிக்கக் கல்லூரி அணியைக் கிழக்கிலிருந்தோர் பெரிதாக எண்ணவில்லை. இராணுவ அணியோ அவ்வாண்டில் அதுவரை தோல்வி காணாதது. பிற்காலத்திற் குடியரசுத் தலைவரான ஐசனோவரும் அப்போது அக்கல்லூரி மாணவர். முன்னைய ஆண்டில் முழங்காலிற் பட்ட காயத்தால் ஆட்டத்தைத் துறந்தவர்.

பயிற்றுநர் ஜெசி ஹாப்பரின் அணி சிறிது நேரம் வழக்கம்போல் மோதியது. பின்னர் டொறே பந்தை எறியத் தொடங்கினார். றொக்னி நொண்டுவதுபோற் பாசாங்கு செய்து தம்மைக் காத்துநின்றவனை ஏமாற்றி, திடீரென ஓடி, வந்த பந்தை ஏற்று எல்லை கடந்தார் என்பது இன்றும் சொல்லப்படும் கதை. இடைவேளையின்போது நொட்டர் டேம் 14, இராணுவம் 13. ஒரு புள்ளியே வேறுபாடு.

பிற்பகுதியில் நிகழ்ந்ததே பாடம். எறியும் பந்துக்கு அஞ்சிய இராணுவ வீரர் பின்னே விலகிப் பரந்து நின்றனர். நடுவே வெளி பிறந்தது. அவ்வெளியூடாக றே ஐக்கன்லோப் என்னும் வலிய வீரர் பந்தோடு புகுந்தார். அவரைத் தடுக்க வீரர் நெருங்கினால், டொறே மீண்டும் தலைக்கு மேலால் எறிந்தார். விரிந்தால் நடுவே புகுதல், நெருங்கினால் மேலே எறிதல் என்னும் இவ்விரு நிலையிடையே இராணுவ அணி தடுமாறியது. முடிவு 35க்கு 13. அவ்வாண்டில் இராணுவ அணி தோற்றது அவ்வோர் ஆட்டத்தில்தான்.

டொறே அன்று எறிந்தவை 17. அவற்றுள் 14 ஏற்பாரைச் சேர்ந்தன. கடந்த தூரம் 243 யார் என்பது வழங்கும் கணக்கு. எறிதலையே வித்தையெனக் கருதிய காலத்தில் அது கேள்விப்படாத சாதனை. அவ்வாண்டு நாட்டின் தலைசிறந்த பதினொருவருள் ஒருவராக அவர் தெரிவானார்.

முன்னெறிதலைக் கண்டுபிடித்தவர் இவ்விருவருமே என்று பலர் எழுதினர். அது பிழை. றொக்னியே அதை மறுத்து, கொக்கெம்ஸின் சென் லூயிஸ் அணிக்குரிய பெருமையை ஒப்புக்கொண்டிருக்கிறார். இவர்கள் செய்தது கண்டுபிடிப்பன்று, நிறுவுதல். ஏளனம் செய்தோர் கண்முன்னே, ஒரு சிறிய அணி பெரிய அணியை மதியாலும் கையாலும் வெல்லலாம் என்பதை நாட்டினர் ஐயமற உணருமாறு செய்ததே இவர்கள் பெருமை.

பிரிந்த பாதைகள்

1914இற் படிப்பு முடிந்தது. நொட்டர் டேமில் ஹாப்பருக்கு உதவியாளராக ஓரிடம். அயோவா மாநிலத்து டுபியூக் நகரக் கல்லூரி ஒன்றிற் பயிற்றுநராக ஓரிடம். நண்பர் இருவரும் நாணயம் சுண்டிப் பார்த்தே தத்தம் இடத்தைத் தீர்மானித்தனர் என்று ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், றொக்னி நொட்டர் டேமில் நின்றார். டொறே டுபியூக் சென்றார். அதன்பின் இருவர் வாழ்வும் ஒன்றாயிருக்கவில்லை.

றொக்னி 1918இல் தலைமைப் பயிற்றுநரானார். பதின்மூன்று ஆண்டுகளில் 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமநிலை. 1931 மார்ச் 31ஆம் நாள் கன்சாஸ் மாநிலத்தில் நிகழ்ந்த விமான விபத்தில் இறந்தபோது நாடே அழுதது. 1940இல் அவர் வாழ்க்கை திரைப்படமாயிற்று. பின்னாளிற் குடியரசுத் தலைவரான றொனால்ட் றேகன் அதில் நடித்தார். 1988இல் அவர் உருவம் பொறித்த தபால் முத்திரையும் வெளிவந்தது.

டொறேயின் வாழ்வு ஆரவாரமற்றது. டுபியூக்கில் நான்கு ஆண்டுகள். முதலாம் உலகப்போர்க் காலத்தில் இராணுவ சேவை. 1919இல் நண்பர் றொக்னிக்கு உதவியாளராக ஓராண்டு. தாம் எறிந்த பந்தைப் பிடித்தவரின் கீழ்ப் பணியாற்ற மனம் ஒப்பிய அவ்வோராண்டை நான் சாதாரணமாகக் கருதவில்லை. அதன்பின் 1920 முதல் 1924 வரை வட மேற்குக் கோடியிலுள்ள ஸ்போக்கேன் நகரத்துக் கொன்சாகா பல்கலைக்கழகம். பின்னர் 1925 முதல் 1942 வரை பதினெட்டுப் பருவங்கள் டெட்ரோயிற் பல்கலைக்கழகம். அங்கே 113 வெற்றிகள். 1928இல் ஆடிய ஒன்பது ஆட்டங்களையும் அவர் அணி வென்றது. கல்லூரி அணிகளுக்கு அவர் ஈட்டித்தந்த வெற்றிகளை ஒருசேரக் கூட்டினால் 150 ஆகும்.

மாணாக்கர் வழி

அவர் உண்மையான புகழ் இவ்வெண்களில் இல்லை, மாணாக்கரிடத்தில் உள்ளது.

கொன்சாகாவில் அவரிடம் பயின்றவருள் றே பிளகேர்ட்டி ஒருவர். அவர் பின்னாளில் தொழிலாட்ட அணியொன்றின் பயிற்றுநரானார். 1937இல் அவ்வணி வாஷிங்ரன் நகருக்குக் குடிபெயர்ந்தது. அவ்வாண்டிலேதான் ரெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்திற் பந்தெறிதலாற் பெயர்பெற்ற சமி போ என்னும் இளைஞர் படிப்பை முடித்து வெளிவந்தார்.

சிக்காகோவில் ஆண்டுதோறும் கோடைமுடிவில் ஓர் ஆட்டம் நடைபெறுவது அந்நாள் வழக்கம். படிப்பு முடித்த கல்லூரி வீரருட் சிறந்தோரைத் திரட்டித் தொழிலாட்ட வெற்றியணியோடு மோதவிடுவர். 1934 முதல் மூன்றாண்டுகளிலும் கல்லூரியார் ஒருமுறையேனும் வெல்லவில்லை. 1937இற் கல்லூரி அணிக்குப் பயிற்றுநர் கஸ் டொறே. எதிரே கிறீன் பே பக்கேர்ஸ். செப்டெம்பர் 1ஆம் நாள் இரவு, 80,000க்கு மேற்பட்டோர் கூடிய அரங்கில், சமி போ எறிந்த பந்தை கேனெல் ரின்ஸ்லி ஏற்று எல்லை கடந்தார். அன்று விழுந்த புள்ளிகள் அவ்வளவே: 6க்கு 0. கல்லூரியாரின் முதல் வெற்றி அது. இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் வெஸ்ற் பொயின்ற்றிற் பந்தெறிந்தவர், இப்போது கோட்டுக்கு வெளியே நின்று, வேறொருவன் கையிலிருந்து அதே எறிதல் புறப்படுவதைக் கண்டார்.

அங்கிருந்து வாஷிங்ரன் சென்ற சமி போவுக்குப் பயிற்றுநராய் வாய்த்தவர் டொறேயின் மாணவராகிய பிளகேர்ட்டி. அவ்வாண்டு திசெம்பரில் அவர்கள் அணி சிக்காகோ அணியை 28க்கு 21 என வென்று தொழிலாட்ட முடியைச் சூடியது. பந்தெறிதலை இடரான முயற்சி என்னும் நிலையினின்று அன்றாட உத்தியாக உயர்த்தியவர் சமி போ என்பது ஆட்டமறிந்தார் துணிபு. 1939இல் அதே அணியில் அண்டி பார்க்காஸ் என்பவர் 99 யார் நீண்ட ஓர் எறிதல் ஆட்டத்தை ஏற்று முடித்தார். தொழிலாட்டத்தில் அத்தூரம் அதுவே முதன்முறை. விதிப்படி அதனினும் நீள இடமில்லை. அந்தப் பார்க்காஸ் டெட்ரோயிற்றில் டொறேயிடம் பயின்றவர். ஆசிரியர் மாணவர் வழிமுறையை நாம் பரம்பரை என்கின்றோம். இதனை வேறெப்பெயரால் வழங்குவது?

இறுதி நாட்கள்

போர்க்காலத்தில் டெட்ரோயிற் பல்கலைக்கழகம் ஆட்டத்தை நிறுத்தவே, 1943இல் அந்நகரத்துத் தொழிலாட்ட அணியாகிய லயன்ஸ் அவரைப் பயிற்றுநராக ஏற்றது. முன்னைய ஆண்டில் ஆடிய 11 ஆட்டங்களிலும் தோற்ற அணி அது. அவர் கையில் 1943இல் மூன்று, 1944இல் ஆறு, 1945இல் ஏழு என வெற்றிகள் ஏறின. பின்னர் சரிவு வந்தது. 1946இல் ஒரேயொரு வெற்றி, 1947இல் மூன்று. அவ்வாண்டோடு பதவி முடிந்தது. ஐந்தாண்டுக் கணக்கு 20 வெற்றி, 31 தோல்வி, 2 சமநிலை. இதை மறைத்து எழுதுதல் அவர்க்குச் செய்யும் மரியாதை ஆகாது.

1943 நவம்பர் 7ஆம் நாள் அவருடைய லயன்ஸ் அணியும் நியூயோர்க் அணியும் ஆடிய ஆட்டம் 0க்கு 0 என முடிந்தது. அமெரிக்கத் தொழிலாட்டத்தின் முதன்மைச் சங்கத்தில், புள்ளியே இல்லாமல் முடிந்த ஆட்டம் அதன்பின் இன்றுவரை ஒன்றும் இல்லை. ஆட்டத்தைப் புள்ளிமிக்கதாக்கிய எறிதலுக்கு வழிதிறந்தவர்களுள் ஒருவரே, புள்ளியற்ற அக்கடைசி ஆட்டத்திலும் பயிற்றுநராய் நின்றார்.

1954ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்துப் பேர்மிங்காம் நகரில், 62ஆம் வயதில் கஸ் டொறே காலமானார். கல்லூரி உதைபந்தாட்டப் புகழ்மண்டபத்திற் பயிற்றுநராக அவர் பெயர் சேர்க்கப்பட்டது அதே ஆண்டில். அவர் வளர்த்த இரு கல்லூரி அணிகளும் இன்று இல்லை. கொன்சாகா 1941ஆம் ஆண்டுப் பருவத்தோடும், டெட்ரோயிற் பல்கலைக்கழகம் 1964ஆம் ஆண்டுப் பருவத்தோடும் அவ்வாட்டத்தைக் கைவிட்டன. அவர் பெயரைச் சொல்லி ஆரவாரிக்க அங்கே ஓர் அணியும் இல்லை.

எனக்கு நன்னூல் சொல்லித்தந்த ஆசிரியர் நூலொன்றும் எழுதினாரல்லர், மேடையேறிப் பேசினாருமல்லர். அவரிடம் கற்ற சிலர் பெயர்பெற்றனர். அவர்களைப் போற்றுவோர் அவர் பெயரை அறியார். இதை நினைந்து ஒருகாலத்தில் மனம் வருந்தியதுண்டு. டொறேயின் வரலாற்றைப் படித்தபின் அவ்வருத்தம் முற்றும் நீங்கிற்றென்று சொல்லேன், சிறிது குறைந்தது. எறியும் கைக்கு உரியது, பந்து சேரவேண்டிய இடத்தை அறிதல். சேர்ந்தபின் எழும் ஆரவாரம் ஏற்பவனைச் சுற்றியே எழும். அங்ஙனமாயினும், எறிந்தவர் யாரென்று எப்போதாவது ஒருவர் வினவுதல் நல்லது. என் மாணவர் மறுமுறை வரும்போது சொல்ல, இப்போது என்னிடம் ஒரு பெயர் உண்டு.